ஆயிரத்து ஒன்பதாவது துண்டு

அந்த ஆஸ்பத்திரியில் தையல் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சலவைக்கூடத்துக்குப் பின்னால், சுடுதண்ணீர்க் குழாய் போகிற சந்தில், கதவு முழுசாகத் திறக்காத ஒரு சின்ன அறை. கதவுக்குப் பின்னால் கிழிந்த படுக்கைவிரிப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஆனால் தையலக்கா யார் என்று கேட்டுப் பாருங்கள், வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யாருடைய சட்டைப் பொத்தானையாவது அவள் எப்போதாவது தைத்துக் கொடுத்திருப்பாள்.

அவள் அங்கே வேலைக்கென்று வந்தவள் அல்ல, வீட்டுக்காரருக்குத் துணையாக வந்தவள். அவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் வார்டில் படுக்க வேண்டி வந்தது. மெஷின் அவருடைய ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பித் தருகிற வரைக்கும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. பக்கத்துக் கட்டில் விரிப்பில் கிழிசல் கண்ணில் பட்டால் பையிலிருந்து ஊசி வந்துவிடும். எதிர்க் கட்டில்காரரின் சட்டைக் கை அவிழ்ந்திருந்தால், "கழட்டிக் குடுங்கண்ணே, ரெண்டு நிமிஷம்" என்பாள். அவள் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே, "வார்டுக்கே மருமக மாதிரி நடந்துக்கறா பாருங்க" என்று சிரிப்பார்.

அவர் காலமான பிறகு, இரவல் வாங்கிப்போன சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வந்தாள். நர்சுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டர் அவளை நிறுத்தி, "ஓசியில தைச்சது போதும். நாளையிலிருந்து சம்பளத்துக்குத் தை" என்றார். அப்படித்தான் அந்தச் சந்து அறை அவளுக்கு வாய்த்தது. கடவுள் ஒரு கதவை முழுசாகத் திறக்காவிட்டாலும் ஆள் நுழைகிற அளவுக்காவது திறந்து வைப்பார் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் பழைய வார்டை இடித்துவிட்டுப் புதுக் கட்டிடத்துக்குப் போவது என்று முடிவானது. மெஷின்கள் போகும், கட்டில்கள் போகும். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் வருஷக்கணக்காக வந்து படுத்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் பெரிய சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார். இந்த வார்டுக்கு வந்த ஒவ்வொருவரும், வந்து போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டாரும், உடுத்திய துணியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தர வேண்டும். தையலக்கா எல்லாவற்றையும் நாலு அங்குலச் சதுரமாக ஒழுங்கு செய்து துணியாகச் சேர்த்துத் தைப்பாள். புதுக் கட்டிடத்தின் முன்சுவரில் அதை மாட்டுவார்கள்.

துண்டுகள் வந்தன. பைஜாமா, பள்ளிச் சீருடை, கல்யாணக் கோட்டின் உள்துணி, யாரோ ஒருவரின் குடைத்துணி. வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "குடுத்தது எதுவும் வெளியே நிக்காது. கடவுள் சாட்சி." சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை அவள். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அந்த நினைப்பிலேயே தூங்கி, அந்த நினைப்பிலேயே எழுந்திருப்பாள்.

ஆஸ்பத்திரித் தச்சர் அவளுடைய கொழுந்தன்தான், செத்துப்போனவரின் கூடப்பிறந்த தம்பி. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். இரண்டு பேருமாக எண்ணினார்கள். ஆயிரத்து எட்டு.

"அடிச்சோம் அண்ணி!" என்றார் தச்சர். "இது எப்படிக் கேட்டாலும் வழி விடுற நம்பர். இருபத்தி நாலுக்கு நாப்பத்தி ரெண்டு வேணுமா, வரும். இருபத்தி ஒண்ணுக்கு நாப்பத்தி எட்டு? அதுவும் வரும். அந்தச் சுவருக்கு இருபத்தெட்டுக்கு முப்பத்தாறு போட்டா கச்சிதம்."

அப்படியே முடிவாயிற்று. அகலத்துக்கு இருபத்தெட்டுத் துண்டு, உயரத்துக்கு முப்பத்தாறு வரிசை. தச்சர் நல்ல மரமாகப் பார்த்து இழைத்துச் சட்டம் செய்தார். தையலக்கா வரிசை வரிசையாகத் தைத்தாள். அவள் வீட்டுக்காரரின் துண்டு, அடுப்புப் பொறி பட்டுப் பொத்தல் விழுந்த வெள்ளைச் சட்டைத் துணி, கடைசி வரிசையின் வலது மூலைக்கு வந்தது. போகிற வருகிற போது கை எட்டும் இடம் என்று அவள்தான் அங்கே வைத்தாள். வேலை முடிந்தது. மேசை மேல் துணியை விரித்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவிடுக்கில் ஒரு தலை தெரிந்தது.

"அக்கா, முடிஞ்சிருச்சா?"

வேன்காரர். வார்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. மனைவியின் தாயாரை, அதாவது தன் மாமியாரை, வருஷக்கணக்காகத் தன் வேனிலேயே டயாலிசிஸுக்குக் கூட்டி வந்தவர். மாமியாரும் மருமகனும் போடுகிற சண்டையைக் கேட்பதற்காகவே சிலர் சீக்கிரம் வந்து காத்திருப்பார்கள். வேனில் அந்த அம்மாவுக்கு நடு சீட்டுத்தான் வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் குமட்டும் என்பது சாக்கு. நடுவில் உட்கார்ந்தால்தான் முன்கண்ணாடி வழியாகச் சாலை முழுக்கத் தெரியும், மருமகனை அதட்ட வசதி. "இண்டிகேட்டர் போடு மாப்ள! பிரேக்கைக் குத்தாதே, என்ன மூட்டையா ஏத்திட்டுப் போற?" "அப்ப நீங்களே ஓட்டுங்க அத்தை, நான் பின்னாடி படுத்துக்கறேன்." ஆஸ்பத்திரி வாசல் வரை இதே பாட்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வேன்காரர் ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்த் துண்டு. பிளேடால் வெட்டியிருந்ததில் நாலு பக்கமும் கம்பளி நூல் பிரிந்து தொங்கியது.

"நானே வெட்டினேன். வீட்ல பாத்தா என்னையும் இதே மாதிரி வெட்டிடுவா."

"ஏன் தம்பி இவ்வளவு லேட்டு?"

அவர் கதவுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது வேன்லயே தொங்கிட்டு இருந்துச்சுக்கா. நடு சீட்டு மேல. யாராவது அங்க உக்கார வந்தா, 'ஆள் இருக்கு'ன்னு வாய்ல வந்துடுது. நேத்து ஒருத்தர், 'எங்கய்யா ஆளு?'ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. அப்பதான் வெட்டினேன்."

தையலக்கா துண்டை வாங்கிக்கொண்டாள். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "குடுத்தது எதுவும் வெளியே நிக்காது. கடவுள் சாட்சி."

அவர் போன பிறகுதான் மேசையில் கிடந்த துணியைப் பார்த்தாள். ஒரு பொட்டு இடம் இல்லை.

பெரிய சிஸ்டரிடம் போனாள். அவர் நல்லவர், ஆனால் தலைக்கு மேல் வேலை. அடுத்த வாரம் திறப்பு.

"ஒண்ணு தானே? பின்பக்கம் வச்சுத் தைச்சிடு."

"பின்னால வச்சா மறைச்சு வச்ச மாதிரி ஆயிடாதா சிஸ்டர்?"

"அப்ப இன்னொரு துண்டு மேலயே ஒட்டிடு."

"கீழ இருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"அப்ப நீயே ஒரு வழி பாரு. ஆனா சட்டத்துக்குள்ள அடங்கணும். நாலு பக்கமும் நேரா இருக்கணும். ஒரு மூலையில மட்டும் நாக்கு மாதிரி தொங்கினா நான் மாட்ட விடமாட்டேன்."

தையலக்கா இரண்டு நாள் பொத்தான்களை வைத்து அடுக்கிப் பார்த்தாள். அகலத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். ஒன்று கடைசி வரிசையில் குறையும், இல்லையென்றால் மிஞ்சும். தன் கை ராசிதான் சரியில்லையோ என்று சந்தேகம் வந்து, ஜன்னலோரக் கட்டிலில் படுக்கிற கணக்கு வாத்தியாரிடம் பொத்தான் டப்பாவோடு போனாள். அவர் வாரத்தில் இரண்டு நாள் மெஷினுக்கு, மீதி நாள் பள்ளிக்கூடத்துக்கு. மைக் கறை படிந்த சட்டைப் பையையே வெட்டித் துண்டாகக் கொடுத்தவர்.

"சார், ஆயிரத்து ஒன்பதை எப்படி அடுக்கினா நாலு பக்கமும் நேரா வரும்?"

இடது கையில் குழாய்கள் போய்க்கொண்டிருந்தன. வலது கையால் செய்தித்தாள் ஓரத்தில் அவர் வகுத்துப் பார்த்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று போய் முப்பத்தி ஒன்றில் நிறுத்தினார்.

"அதுக்கு மேல பாக்க வேண்டாமா சார்?"

"வேண்டாம்மா. முப்பத்திரெண்டுக்கு முப்பத்திரெண்டு போட்டாலே ஆயிரத்து இருபத்தி நாலு, தாண்டிடும். அதனால ஒரு பக்கமாவது முப்பத்தி ஒண்ணுக்குள்ள இருந்தாகணும். ஒண்ணும் பிடி கொடுக்கல." அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, பழைய சிநேகிதனைச் சந்தையில் பார்த்த மாதிரி. "இது பகா எண். நாலு இலக்கத்துல வர்ற முதல் பகா எண். திருப்பிப் போட்டா ஒன்பதாயிரத்து ஒண்ணு, அதுவும் பகா எண்தான்!"

"அப்படின்னா?"

அவர் டப்பாவிலிருந்து ஆறு பொத்தான்களை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். "இதை அடுக்குங்க." அவள் மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்தாள். "இப்ப ஏழு." அவள் இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். ஒரே வரிசையாக நீட்டினால்தான் சரியாக வந்தது. "அவ்வளவுதான். ஏழு எப்படியோ, ஆயிரத்து ஒன்பதும் அப்படித்தான். ஒரே வரிசையா வேணும்னா தைக்கலாம், ஆஸ்பத்திரியைச் சுத்திக் கட்டிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. "கடவுள் எதுக்கு சார் இப்படி ஒரு எண்ணைப் படைச்சார்?"

"அதை அவர்கிட்டத்தான் கேக்கணும். நானும் சின்ன வயசுலேருந்து கேட்டுட்டிருக்கேன்."

தன் கை ராசியில் பிழை இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. வழியே இல்லை என்று தெரிந்ததில் அதைவிடப் பெரிய பாரம். அறைக்கு வந்து உட்கார்ந்து துணியையே பார்த்தாள். யாராவது ஒருவர் எழுந்தால்தான் அந்த அம்மாவுக்கு இடம். யாரைப் போய் எழுந்திருக்கச் சொல்வது? அத்தனை பேரில் அவள் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். பஸ்ஸில் தள்ளாடிக்கொண்டு யாராவது ஏறினால், தனக்கு உடம்பு முடியாத நாளிலும் எழுந்து நின்றுகொண்டு, "உக்காருங்க, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கறேன்" என்று பொய் சொல்கிற மனுஷன்.

தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்தாள். கடைசி வரிசை, வலது மூலை. நூல் ஒவ்வொரு கண்ணாக அறுந்தது. தான் போட்ட தையல் இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கண் மறைத்ததில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். வெள்ளைத் துண்டை நாலாக மடித்துத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்தாள்.

ஸ்வெட்டர்த் துண்டைத் தைக்கத்தான் கை வரவில்லை. நாளைக்குத் தைக்கலாம், நாளைக்குத் தைக்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சட்டத்துக்குக் கொக்கி அளவு எடுக்கத் தச்சர் வந்தார். விசிலடித்துக்கொண்டே நாடாவை மேலேயிருந்து இழுத்து வந்தவர் கீழ் மூலையில் நின்றார். விசில் நின்றுபோனது.

"அண்ணி, அண்ணன் எங்க?"

அவள் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு மாமியாரோட ஸ்வெட்டருக்காக என் அண்ணன் எழுந்திருக்கணுமா?"

"உங்க அண்ணன் எப்பவும் எழுந்திரிக்கிறவர்தானே தம்பி."

"அது பஸ்ல அண்ணி! பஸ்ல எழுந்தா அடுத்த ஸ்டாப்புல வேற சீட்டு கிடைக்கும். இங்க எங்க கிடைக்கும்?"

அவள் இழுப்பறையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். தச்சர் காதில் செருகிய பென்சிலைப் பிடுங்கி மேசையில் போட்டார். "யாரு சொன்னது வழி இல்லைன்னு? அந்த வாத்தியாரா? இன்னைக்கு அவருக்கு மெஷின் நாள்தானே?" என்று கிளம்பியவரை அவளால் நிறுத்த முடியவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

"சார், எங்க அண்ணிகிட்ட முடியாதுன்னு சொன்னது நீங்கதானா?"

வாத்தியார் படுத்தபடி ஏறிட்டுப் பார்த்தார். "நான் சொல்லலப்பா. எண் சொல்லுச்சு."

"அந்த எண்ணைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன். அது பண்ண வேலையில என் அண்ணன் இழுப்பறையில கிடக்கறார்!"

வாத்தியாருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. அந்த பேக்கரிக்காரர் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். மெஷின் ஓடும்போது குளிருகிறது என்றால் தன் போர்வையை நீட்டியவர். "நான் சும்மா எண்ணைப் பாத்து சந்தோஷப்பட்டுட்டேனே" என்று முனகினார். "முடியாதுங்கறதோட நிறுத்திட்டேனே."

மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணைக் கூரையில் நட்டுவைத்து உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அட முட்டாளே!" என்று தன் நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். தூக்கியது குழாய் செருகிய கை. மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது. எங்கிருந்தோ பெரிய சிஸ்டர் ஓடி வந்தார்.

"கையை அசைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சிஸ்டர், ஒரு கேள்வி. அது ஒரே துணியாத்தான் இருக்கணும்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. சட்டம் ஒன்று என்பதால் துணியும் ஒன்று என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு துணின்னா எப்படி வேணாலும் பிரிக்கலாமே சார்" என்றார் தச்சர். "ஆயிரம் தனி, ஒன்பது தனி. இதுல என்ன கணக்கு இருக்கு?"

"ரெண்டும் அசல் சதுரமா வரணும்ப்பா. நாலு பக்கமும் ஒரே அளவு. அது எல்லா எண்ணுக்கும் வாய்க்காது. தையலம்மா, அந்தப் பொத்தான் டப்பா?"

அது அவள் கையில்தான் இருந்தது. பதட்டத்தில் எதற்கென்று தெரியாமலே எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். போர்வை மேல் பொத்தான்கள் இறங்கின. பதின்மூன்று பொத்தான்: ஒன்பது ஒரு சதுரம், நாலு ஒரு சதுரம், சரியாகப் போயிற்று. பதினொன்று: ஒன்பது போக இரண்டு முழித்தது. நாலு போக ஏழு முழித்தது. வரவில்லை.

"ரெண்டுமே பகா எண்தான். ஒண்ணு வருது, ஒண்ணு வரல. எதனால? நாலு நாலா அள்ளிப் பாருங்க."

அவள் அள்ளினாள். பதினொன்றில் கடைசியாக மூன்று நின்றது. பதின்மூன்றில் ஒன்று நின்றது.

"மூணு நின்னா ஜென்மத்துக்கும் வராது. ஒண்ணு நின்னா கட்டாயம் வரும், எவ்வளவு பெரிய பகா எண்ணா இருந்தாலும் சரி. அதுவும் ஒரே ஒரு விதமாத்தான் வரும். வேற விதமே கிடையாது. ஆயிரத்து எட்டு நாலு நாலாப் போயிடும். மிச்சம்?"

"ஒண்ணு" என்றாள் தையலக்கா.

"அந்த மாமியார்தான் அந்த ஒண்ணு" என்றார் தச்சர்.

பெரிய சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வாத்தியார் எழுதிக் கழித்துக்கொண்டே போனார். முப்பத்தி ஒன்றுக்கு முப்பத்தி ஒன்று எடுத்தால் மிச்சம் நாற்பத்தெட்டு, அது சதுரம் இல்லை. முப்பதுக்கு முப்பது எடுத்தால் நூற்றி ஒன்பது, இல்லை. இருபத்தொன்பது, அதுவும் இல்லை. "இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு, எழுநூத்தி எண்பத்தி நாலு. மிச்சம் இருநூத்தி இருபத்தஞ்சு." பென்சில் நின்றது. "பதினஞ்சுக்குப் பதினஞ்சு."

"இருபத்தெட்டா?" தச்சர் குதித்துவிட்டார். "என் சட்டத்தோட அகலமே இருபத்தெட்டுத்தானே! உயரத்தைக் குறைச்சாப் போதுமே!"

தையலக்காவுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று மனசில் ஓடியது. முப்பத்தாறு வரிசையில் கீழே எட்டு வரிசையை மட்டும் பிரித்தால் மேலே இருபத்தெட்டு நிற்கும், ஒரு தையலும் கலையாது. எட்டு வரிசையில் இருநூற்றி இருபத்தி நாலு துண்டு. அதில் மூலையில் எழுந்து போனவரும் சேர்த்தி. கூடவே ஆரஞ்சு ஒன்று. இருநூற்றி இருபத்தி ஐந்து. "கடவுளே" என்று சொல்லிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு மடையன் அண்ணி, இதைக் கேக்காம மரத்தை அறுத்துட்டேன்" என்று தச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "பெரிய சட்டத்தைக் குறைச்சா அஞ்சடி சொச்சம் மரம் மிஞ்சும். சின்னதுக்கு இருபது அடி வேணும். பாக்கிக்கு நான் எங்க போவேன்?"

"இடிக்கப்போற கதவு ஒண்ணு இருக்கு பாருங்க" என்று வாத்தியார் வார்டு வாசலைக் காட்டினார்.

பெரிய சிஸ்டர் மட்டும் யோசித்தார். "பெரிசு முன்சுவருக்கு. சின்னதை எங்க மாட்டறது?"

"டயாலிசிஸ் ரூம்லயே மாட்டலாம் சிஸ்டர்" என்றாள் தையலக்கா. "கட்டில்ல படுத்திருக்கிறவங்க பாக்கற மாதிரி."

பெரிய சிஸ்டர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "உண்மைதான். இத்தனை வருஷமா அவங்களுக்கு நான் இதைத்தான் காட்டிட்டிருந்தேன்" என்றார்.

எட்டு வரிசையைப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக்கி, மேசையில் பதினைந்துக்குப் பதினைந்தாக அடுக்கும்போதுதான் தையலக்கா ஒன்றைக் கவனித்தாள். இந்தச் சின்னத் துணிக்கு நடு என்று ஒரு துண்டு இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் எட்டாவது. பெரிய துணியில் அப்படி எதுவும் இல்லை. அங்கே நட்டநடுவில் நாலு துண்டின் மூலைகள் கூடுகின்றன, அவ்வளவுதான். நடுவில் உட்கார யாருக்கும் இடம் கிடையாது.

"அண்ணனை வைங்க அண்ணி" என்றார் தச்சர். பழைய கதவுச் சட்டத்தின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எழுந்து எழுந்து நின்ன மனுஷன். இந்தத் தடவையாவது நல்ல இடமா உக்காரட்டும்."

அவளுக்கும் ஆசைதான். பொத்தல் விழுந்த வெள்ளைத் துண்டை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஏதோ நினைப்பில் சிரித்துவிட்டாள்.

"அங்க உக்கார வச்சா அவருக்குக் கூச்சத்துல மூச்சு முட்டும் தம்பி."

அதை எடுத்துக் கீழ் வரிசையின் வலது மூலையில், பழைய இடத்திலேயே, கை எட்டும் உயரத்தில் வைத்தாள். ஆரஞ்சுக் கம்பளி பிரியாமல் இருக்கப் பின்னால் கெட்டித் துணி கொடுத்து, விளிம்பை இரட்டைத் தையலாக மடக்கினாள். தச்சர் சுரண்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பலமாகக் கேட்டது.

திறப்பு நாளன்று முன்சுவருக்கு முன்னால் ஒரே கூட்டம். தன் துண்டைத் தேடுகிறவர்கள், கண்டுபிடித்துக் கூச்சல் போடுகிறவர்கள், மற்றவர் துண்டைப் பார்த்து, "இந்தச் சட்டையை நான் கடன் கேட்டேனே, குடுக்கலியே நீ" என்று வம்புக்கு இழுக்கிறவர்கள். வேன்காரரும் வந்திருந்தார். கழுத்தை வளைத்து மேலிருந்து கீழ் வரைக்கும், இடமிருந்து வலம் வரைக்கும் தேடினார். ஆரஞ்சு எங்கும் தென்படவில்லை. அவர் யாரிடமும் கேட்கவில்லை. லேட்டாகக் கொண்டுவந்தது நாம்தானே என்கிற முகத்தோடு, வேன் சாவியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, நில்லுங்க."

தையலக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். புது டயாலிசிஸ் அறை. வரிசையாகக் கட்டில்கள். எதிர்ச்சுவரில், பழைய கதவு மரத்துச் சட்டத்துக்குள், சின்னத் துணி. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நடுவுலயா?" என்றார் வேன்காரர்.

"வெளியில மாட்டியிருக்கிற பெரிசுல நடு சீட்டே கிடையாது தம்பி. இதுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு."

அவர் வேன் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். "பாத்தீங்களா, இங்க வந்தும் பிடிச்சிருச்சு பாருங்க" என்று சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து கணக்கு வாத்தியார், "அந்த அம்மாவுக்கு வேற இடமே கிடையாதுப்பா, நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்றார். இந்தத் தடவை கையை அசைக்காமல் சொன்னார்.

சாயங்காலம் வேலை முடிந்து தையலக்கா வாசலுக்கு வந்தபோது வேன் நின்றிருந்தது. "ஏறுங்கக்கா, விட்டுட்டுப் போறேன்." அவள் வழக்கம்போல ஓரமாக உட்காரப் போனாள்.

"நடுவுல உக்காருங்க."

"அங்க ஆள் இருக்குன்னு சொல்வீங்களே?"

"அதான் நிரந்தரமா ஒரு இடம் கிடைச்சிருச்சே."

அவள் நடு சீட்டில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அடம்பிடித்தது சரிதான், சாலை முழுக்கத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வேன் வலது பக்கம் திரும்பியது. தையலக்கா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"இண்டிகேட்டர் போடுங்க தம்பி" என்றாள்.